ஏழாம் இடம் ஒழுகாது

அன்பு மைத்துனனுக்கு,

உன் அத்தான் ஆசியுடன் எழுதுவது. நான் சுகம், வீடு சுகமில்லை. அங்கே நீயும் குழந்தைகளும் நனையாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விஷயம் இதுதான். புயல் மாதம் நெருங்குகிறது. வீட்டு இன்சூரன்ஸ் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. கூரைக்கு வயது இருபத்தாறு ஆகிவிட்டதாம், நேரில் பார்த்துத்தான் புதுப்பிப்போம் என்று கம்பெனி ஒரு சர்வேயரை அனுப்பியது. நான் யார்? முப்பது வருஷம் எடை அளவு இன்ஸ்பெக்டர். கடைக்காரன் தராசில் ஒரு கிராம் குறைந்தால் வாசலில் நின்றே சொல்லிவிடுவேன். அந்தத் தோரணையில், "என் கூரையில இதுவரைக்கும் ஒரு சொட்டு ஒழுகினதில்ல, எழுதிக்குங்க" என்றேன். அவரும் எழுதிக்கொண்டு பரணில் ஏறினார். ஏறியவர் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சார், இதெல்லாம் யார் எழுதினது?" என்று குரல் மட்டும் வந்தது.

முட்டி வலியோடு நானும் ஏறினேன். கட்டிய நாளிலிருந்து நான் ஏறாத பரண். கூரைத் தகரத்தின் உள்பக்கம் முழுக்க உன் அக்காவின் கையெழுத்து, சாக்பீஸில். "1. பெரிய வாளி." "2. அலுமினியச் சட்டி. காத்து அடிச்சா நகர்த்தணும்." இப்படிப் பதினான்கு வரை. கீழே பாத்திரங்கள், அவள் வைத்தது வைத்தபடி. மழைக்காலம் வந்தால் குளிக்கிற வாளி காணாமல் போகும், நான் கத்துவேன், "காயப் போட்டிருக்கேன்" என்பாள். அடைமழையில் எந்த வெயிலில் காயப் போட்டாள் என்று ஒரு நாளாவது கேட்டேனா? அவள் போய் எட்டு மாதமாகிறது, இப்போது கேட்கிறேன். ஏழாம் எண்ணுக்குக் கீழே மட்டும் பாத்திரம் இல்லை. "7. இங்க ஒழுகாது. அவர் கட்டில் இதுக்கு நேர் கீழ." வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன். சர்வேயர், பாவம், தண்ணீர் குடிக்கிறீர்களா என்று என் வீட்டிலேயே என்னை உபசரித்தார். பிறகு, "கூரையை மாத்துங்க, இல்லேன்னா பாலிசி கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ, "ஈரத்துணியால துடைச்சிட்டு வேற கம்பெனியைக் கூப்பிடுங்க அத்தான்" என்றாய். துணியோடு ஏறினேன். முதல் எண்ணுக்கே கை வரவில்லை. ஆகவே என் முடிவைக் கேட்டுக்கொள்: துடைக்கவும் மாட்டேன், கூரையை மாற்றவும் மாட்டேன். பாலிசி போனால் போகட்டும். புயல் வந்தால் வாளி இருக்கிறது, எங்கே வைப்பது என்றும் எழுதி வைத்திருக்கிறாள். நீ தலைகீழாக நின்றாலும் நான் அசையப்போவதில்லை.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். அவள் எதையாவது காயப் போட்டிருப்பதாகச் சொன்னால் போய்ப் பார்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுமுன் இன்னொரு தரம் ஏறினேன். பரணில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், சர்வேயரின் டார்ச் எட்டாத மூலையில், பதினைந்தாவது இருந்தது. "15. இனி வைக்கப் பாத்திரம் இல்ல. கூரை மாத்தணும்னு அவர்கிட்ட சொல்லணும். கோபமில்லாத நாளா பாத்து." அப்படி ஒரு நாளை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. மேலே எழுதியதெல்லாம் ரத்து. வியாழக்கிழமை கூரை வேலைக்கு ஆட்கள் வருகிறார்கள். ஏழாம் தகரத்தை மட்டும் எழுத்து அழியாமல் இறக்க வேண்டும். ஏணி பிடிக்க நீ வா.