நீல கிட்டாரின் ஒன்பது குறைகள்

இனி மனைவியிடம் எதையும் கேட்டு வாங்குவதில்லை, அவளே வற்புறுத்தி வாங்கிக் கொடுக்கும்படி செய்வது என்று இன்ஸ்பெக்டர் முடிவு செய்தார். போலீஸ் இன்ஸ்பெக்டர் அல்ல. குழாய்த் தொழிற்சாலையில் வால்வுகளை அளந்து பார்த்து, தேறாதவற்றுக்குச் சிவப்புப் புள்ளி வைக்கிற இன்ஸ்பெக்டர். தெருவில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். வீட்டில் யாரும் கூப்பிடுவதில்லை, அவராகவே வந்துவிடுவார்.

விஷயம் ஒரு பேஸ் கிட்டார். தொழிற்சாலை இசைக்குழுவில் பேஸ் வாசித்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். ஒரு வருஷமாகச் சாப்பாட்டு இடைவேளையில் அவருடைய கிட்டாரை இரவல் வாங்கிப் பழகிய இன்ஸ்பெக்டர்தான் முறையான வாரிசு. ஆனால் போனவர் கிட்டாரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். திங்கட்கிழமைக்குள் சொந்தக் கருவியோடு வராவிட்டால் அந்த இடம் கிடங்கு குமாஸ்தாவுக்கு. அந்த ஆளுக்குத் தாளத்துக்கும் தாழ்ப்பாளுக்கும் வித்தியாசம்கூடத் தெரியாது. சொந்தமாகக் கிட்டார் மட்டும் வைத்திருந்தார். உலகத்தில் அநியாயம் என்பது இப்படித்தான் உறைபோட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறது.

"பதினஞ்சாயிரம். அதுக்கு மேல ஒரு காசு கிடையாது," என்று மனைவி சொல்லிவிட்டாள். பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள். வீங்கிய கன்னத்தோடு வருகிறவர்களையே 'உட்காருங்க' என்று சொல்லிப் பழகியவளிடம் கெஞ்சிப் பயனில்லை.

தெருமுனை இசைக்கருவிக் கடையில் மூன்று பேஸ் கிட்டார்கள் இருந்தன. கறுப்பு, ஒன்பதாயிரம், கழுத்து வளைந்திருந்தது. மஞ்சள், பன்னிரண்டாயிரம், அதைப்பற்றிச் சொல்லவும் ஒன்றுமில்லை, அதில் கேட்கவும் ஒன்றுமில்லை. நீலம், பதினெட்டாயிரம். அதன் தடித்த கம்பியை ஒருமுறை மீட்டினார். ஓசை காதுக்குப் போகாமல் நேரே அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது.

மூவாயிரம் உதைத்தது. இங்கேதான் அவருடைய ஆராய்ச்சி மூளை வேலை செய்தது. பன்னிரண்டு வருஷ இல்லறத்தைப் புரட்டிப் பார்த்தார். குளிர்சாதனப் பெட்டியின் கதவு சரியாகப் பொருந்தவில்லை என்றார், அதையே வாங்கினாள். சாப்பாட்டு மேசையின் கால் ஒரு நூல் குட்டை என்றார், வீட்டுக்கு வந்துவிட்டது. திரைச்சீலை வெளுத்திருக்கிறது என்று அரை மணி நேரம் வாதாடினார்; இன்றைக்கும் அது ஜன்னலில் தொங்குகிறது. ஆக, அவர் எதை மட்டம் தட்டினாலும் அவள் அதைத்தான் வாங்குவாள். சுத்தப் பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தை இந்த ஒருமுறை தனக்காக உழைக்க வைப்பது என்று தீர்மானித்தார்.

சனிக்கிழமை காலை இருவரும் கடைக்குப் போனார்கள்.

"அந்த மஞ்சள் நல்லா இருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர், மஞ்சளைப் பார்க்காமலே.

"நீலம்?"

"அதுவா? அதை மனுஷன் வாங்குவானா?"

"ஏன், அதுக்கு என்ன?"

அவர் சட்டைப்பையிலிருந்து எஃகு அளவுகோலை எடுத்தார். கம்பிக்கும் கழுத்துக்கும் இடைவெளி கூடுதல். குமிழ் ஒன்று தளர்ச்சி. முறுக்காணிகளில் ஒன்று இறுக்கம். விளிம்பில் வண்ணம் ஒரு மயிரிழை வழிந்திருக்கிறது. பின்பக்கத் திருகாணி கோணல். எடை அதிகம், உறை தனி விலை, வயர் சொருகும் துளை ஆடுகிறது, அடியில் ஒரு கீறல். மொத்தம் ஒன்பது. பொய் சொல்லத்தான் வந்தார். ஆனால் தொழில் புத்தி விடவில்லை, எல்லாம் உண்மையாகவே இருந்தது. அவருக்கே கொஞ்சம் துக்கமாகிவிட்டது.

மனைவி விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

கடைக்காரருக்கு முகம் தொங்கிப்போனது. "இவ்வளவு குறையா சார்? இதை வித்து நான் கெட்ட பேர் வாங்க வேணாம். கம்பெனிக்கே திருப்பி அனுப்பிடறேன்," என்று கிட்டாரை எடுத்து அட்டைப்பெட்டிக்குள் வைக்கப் போனார்.

இன்ஸ்பெக்டரின் கை நீண்டு அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. திட்டத்தில் இது இல்லை.

"விடுங்க சார்."

"இல்ல, தூசி இருக்கு. தொடைக்கிறேன்."

"கம்பெனில தொடைச்சுக்குவாங்க சார்."

"ஏங்க, அதான் உங்களுக்குப் பிடிக்கலையே. விட்டுடுங்க," என்றாள் மனைவி.

அவர் விடவில்லை. கடைக்காரர் ஒரு முனையிலும் அவர் ஒரு முனையிலுமாக நின்றார்கள். கிடங்கு குமாஸ்தா மேடையில் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கும் காட்சி அவருக்குள் ஓடியது.

மனைவி கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "திருப்பி அனுப்பினா வண்டிச் செலவு உங்க தலையில. அவங்க எடுத்துக்குவாங்கன்னும் நிச்சயம் இல்ல. இவர் தொழிற்சாலையில தரம் பார்க்கறவர். ஒன்பது குறை சொல்லியிருக்கார். ஒரு குறைக்கு ஐந்நூறு கழிச்சுக்குங்க, நாங்களே எடுத்துக்கறோம்."

"மேடம், அப்ப பதிமூணாயிரத்து ஐந்நூறுதான் வருது."

"கணக்கு சரியாத்தான் போடறீங்க."

இன்ஸ்பெக்டருக்குப் பொறுக்கவில்லை. "எடை அதிகம்ங்கிறது குறையில சேராது. நல்ல மரம்னா எடை இருக்கத்தான் செய்யும்."

"பாருங்க மேடம், சாரே சொல்றார்," என்று கடைக்காரர் பிடித்துக்கொண்டார். "எட்டுதான்."

"நீங்க சித்த சும்மா இருக்கீங்களா?" என்றாள் மனைவி. "உங்க நியாயத்துக்கு ஐந்நூறு போச்சு."

பதினாலாயிரத்துக்கு முடிந்தது. உறையைக் கடைக்காரர் சும்மாவே கொடுத்தார். ஏழாவது குறை இன்னும் காதில் ஒலித்திருக்க வேண்டும்.

வாசலில் கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்ற இன்ஸ்பெக்டருக்குச் சந்தோஷப்பட வேண்டுமா என்பதே புரியவில்லை. ஏதோ திருட்டுப் போன மாதிரி இருந்தது. என்ன போனது என்றுதான் தெரியவில்லை.

"எனக்கு இதுதான் பிடிச்சிருக்குன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"மஞ்சளை அளக்கவே இல்லையே நீங்க."

"அப்ப இந்தப் பன்னிரண்டு வருஷமா நீ என்னை எதிர்த்து எதையும் வாங்கலையா?"

"எதுக்கு எதிர்க்கணும்? நீங்க வாயைத் திறந்தா எந்தக் கடைக்காரனும் கால்வாசி இறங்கி வந்துடறான். அந்த மேசையை எவ்வளவுக்கு எடுத்தேன்னு நினைக்கிறீங்க?"

இன்ஸ்பெக்டருக்குக் காது மடல் சிவந்தது. பன்னிரண்டு வருஷ நேர்மையான கருத்துகள். ஒவ்வொன்றையும் மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல், ஒரு நூல் பிசகாமல் சொல்லியிருந்தார். அத்தனையும் சில்லறையாக மாற்றப்பட்டிருக்கிறது. கூலிகூடக் கொடுக்காமல். மூக்கு விடைக்க, புருவம் நெரிய, நடைபாதையிலேயே நின்றுவிட்டார்.

மனைவி அவர் முகத்தை ஒருமுறை திருப்தியாகப் பார்த்தாள்.

"வாங்க, எதிர்க் கடையில ஒரு அலமாரி பார்த்து வெச்சிருக்கேன். முகத்தை மட்டும் உள்ள போற வரைக்கும் இப்படியே வெச்சுக்குங்க."