ஒன்பது கிலோ பொன்னியும் ஒரு கேமரா பையும்

பெண் பார்க்கப் போன இடத்தில் ஒரு டம்ளர் காபியைக் குடித்துவிட்டு அப்போதே "சரி" என்று சொன்ன மனிதர், முதுகில் மாட்டும் ஒரு பையைத் தேர்ந்தெடுக்க நாலு மாதம் எடுத்துக்கொண்டார் என்றால் நம்புவீர்களா? செங்கல்பட்டில் யாரைக் கேட்டாலும் நம்புவார்கள். அவர் தராசு அண்ணாத்த. கேமரா பையை அவரளவுக்குச் சந்தேகப்பட்டவர் பூமியில் இன்னொருவர் இருக்க வாய்ப்பே இல்லை.

ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு மாடியில் அவருடைய ஸ்டுடியோ. எந்தப் பொருளையும் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டுத்தான் பேசுவார், அதனால் அந்தப் பெயர். நான் வாரத்தில் ஐந்து நாள் சிறுசேரியில் கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன். சனி, ஞாயிறு மட்டும் அவரோடு இரண்டாவது கேமராவாகக் கல்யாணங்களுக்குப் போவேன். உண்மையைச் சொன்னால் அந்த இரண்டு நாளுக்காகத்தான் மற்ற ஐந்து நாளையும் ஓட்டினேன்.

இருபது வருஷமாக ஒரே தோளில் தொங்கிய பழைய பை, போன வருஷம் அவருடைய வலது தோளைக் காவு வாங்கிவிட்டது. கை தலைக்கு மேல் போகவில்லை. டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவ இப்படி வந்துதுன்னா கல்யாண வேலைய விட்டுடுங்க. கடையில உக்காந்து பாஸ்போர்ட் போட்டோ எடுங்க, போதும்."

வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்தார். "சிரிக்காத, சிரிக்காதன்னு ஜனங்கள மெரட்டுற வேல எனக்கு இன்னாத்துக்கு நைனா?" என்றார். அந்த முகத்தில் பயத்தை நான் அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

மறுநாளே பை வேட்டை ஆரம்பம். முதல் காரியமாகக் கேமரா, லென்ஸ், பிளாஷ், பேட்டரி எல்லாவற்றையும் கீழே அரிசிக் கடைத் தராசில் ஏற்றினார். ஒன்பது கிலோ இருநூறு. அதே எடைக்குப் பொன்னி அரிசி வாங்கி, ஒவ்வொரு சாமானுக்கும் ஒன்றாகத் துணி முடிச்சுகள் கட்டினார். நீளமான முடிச்சு பெரிய லென்ஸ். உருண்டை முடிச்சு பிளாஷ்.

"கேமராவையே வெச்சுப் பாக்கலாமே அண்ணாத்த?"

"பையி அறுந்துதுன்னா? அரிசின்னா அள்ளிக்கலாம். லென்ஸ அள்ளுவியா நீ?"

நானும் உட்கார்ந்து முடிச்சுப் போட ஆரம்பித்தேன்.

ஆன்லைனில் பை வரும், இவர் அரிசியை அடுக்கி மாட்டுவார், இரண்டு நாளில் திருப்பி அனுப்புவார். ஒன்றில் பட்டை மெலிசு, தோளை அறுத்தது. இன்னொன்று உயரம், குள்ளமான அண்ணாத்த அண்ணாந்தால் பின்மண்டையில் இடித்தது. மூன்றாவது பையில் இடுப்புப் பட்டை இல்லை. "கனம் இடுப்புல குந்தணும் நைனா. தோளு சும்மா புடிச்சிகினுதான் இருக்கணும்," என்றார். கூரியர்காரர் கடைசியில் பையைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நிற்க ஆரம்பித்தார், எப்படியும் திருப்பித் தருவாரே என்று.

வீட்டில் மாட்டிப் பார்த்தால் போதாதாம். மாமல்லபுரம் பஸ்ஸில் சீட் காலியாக இருந்தும் நின்றுகொண்டே போவார். ஒருநாள் நானும் கூடப் போனபோது கண்டக்டருக்குச் சந்தேகம்.

"உக்காராம நின்னுகினே வர, பையில இன்னா?"

"லென்ஸு, பிளாஷு."

கண்டக்டர் ஜிப்பைத் திறந்து பார்த்தார். "யோவ், ரேஷன் அரிசி கடத்துறியா?"

"நல்லா பாருங்க, பொன்னி. இந்த நீட்டு முடிச்சுதான் லென்ஸு."

கண்டக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். விசிலை ஊதிவிட்டு முன்பக்கம் போனவர், மாமல்லபுரம் வரும்வரை பின்பக்கம் திரும்பவே இல்லை.

அங்கே கடற்கரையில் ஒரு ஜோடிக்குப் படம் எடுக்கிற வேலை. என் கேமராவை வாங்கிக்கொண்டு, அரிசிப் பையை மாட்டியபடியே மணலில் குப்புறப் படுத்தார். படம் பிரமாதம். எழுந்திருக்கத்தான் முடியவில்லை. மாப்பிள்ளையும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினோம். அத்தோடு நாலாவது பையும் போச்சு.

ஐந்தாவது பை பந்தியில் தோற்றது. சாப்பிடும்போதும் பையைக் கழற்ற மாட்டார், களவு போய்விடுமாம். நம் ஊர்ப் பந்தியில்தான் இலைக்கு ஒருவர், நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்கு ஒருவர் நிற்பாரே. பைக்கும் பின்னால் நின்றவருக்கும் நடுவில் நுழைந்த சாம்பார் வாளி மாட்டிக்கொண்டு பை மேலேயே கவிழ்ந்தது. சாம்பார் வாசம் அடிக்கும் பையைத் திருப்பி அனுப்ப முடியுமா? இன்றைக்கும் அண்ணி அதில்தான் காய்கறி வாங்கி வருகிறார்.

ஆறாவதும் திரும்பிப் போய் ஏழாவது பை வந்தபோது முகூர்த்த சீசன் தொடங்கிவிட்டது. மறுநாள் அச்சரப்பாக்கத்தில் கல்யாணம். நான் மறைமலைநகரில் என் வீட்டிலிருந்து பைக்கில் முன்னாடியே போய்விட்டேன். அண்ணாத்த பஸ்ஸில் வந்து இறங்கினார், புதுப் பையோடு, மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து. மேடை ஓரம் குந்தி ஜிப்பைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

உள்ளே பொன்னி.

காலையில் கேமராவை இதற்கு மாற்றி அடுக்கலாம் என்று வைத்திருந்தவர், நாலு மாதப் பழக்கத்தில் அரிசியையே மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். அவர் மெதுவாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நைனா, வலிக்கவே இல்ல."

"இன்னா அண்ணாத்த?"

"செங்கல்பட்டுலேந்து நின்னுகினே வந்தேன். முதுவுல பையி கீதுன்ற நெனப்பே வரல. இதான் பையி. கெடச்சிடுச்சு."

"அங்க தாலி எடுத்துட்டாங்க அண்ணாத்த."

என் கேமராவை அவர் கழுத்தில் மாட்டித் தள்ளிவிட்டேன். ஒரே கேமரா, ஒரே லென்ஸ். மூன்று முடிச்சும் விழுந்தது, பெண்ணின் அம்மா அழுததும் பெண் சிரித்ததும் ஒரே படத்தில் விழுந்தது. அதற்குள் அண்ணிக்குப் போன் போட்டிருந்தேன். கடைசிப் பந்தி ஆரம்பிக்கும் நேரத்தில், கேமரா சாமான்கள் இருந்த பழைய பையைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, பஸ் பிடித்து அண்ணியே வந்து சேர்ந்தார். திட்டுவார் என்று நாங்கள் இருவரும் சுவரோரம் ஒதுங்கினோம்.

அண்ணி பையை இறக்கிவிட்டு ரொம்ப நேரம் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "இத்தயா இருவது வருசமா தூக்கினு போன? வூட்டுல ஒரு வார்த்த சொன்னியா நீ?" என்றார்.

அண்ணிதான் கேமராக்களைப் புதுப் பைக்கு மாற்றி, அண்ணாத்த முதுகில் மாட்டி, இடுப்புப் பட்டையை இழுத்துப் பூட்டினார். "இறுக்கமா கீதா?" என்று கேட்டார். "சரியா கீது," என்றார் அவர். அந்த சீசன் முழுக்கத் தோள் வலி வரவில்லை. டாக்டர் கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, போய் வேலையைப் பாருங்க என்று அனுப்பிவிட்டார்.

அந்தக் கல்யாணத்தன்று திரும்பும்போது ஒரு சிக்கல். பொன்னியைத் தூக்கிப் போட அண்ணாத்தைக்கு மனசு வரவில்லை. அது மொத்தமும் பழைய பைக்குள் போனது, பழைய பை என் தோளுக்கு வந்தது. பைக்கை மண்டபத்திலேயே விட்டுவிட்டு அவர்களோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். பாதி வழியில் அவர் திரும்பிப் பார்த்தார்.

"வலிக்குதா நைனா?"

"இல்ல அண்ணாத்த," என்றேன். தோள் கழன்று கையோடு வந்துவிடும் போலிருந்தது. முன்னால் அவர் கையை வீசி வீசிப் பேசிக்கொண்டே நடந்தார். அந்தக் கை அப்படி வீசுவதைப் பார்க்க, செங்கல்பட்டு வரைக்கும்கூட அதைச் சுமந்திருப்பேன்.