மொட்டைமாடியில் ஒரு பாய்மரம்

அன்று காலை ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நால்வர்: என் கணவர் வேணுகோபால், அவரோடு கொதிகலன் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்ற அன்வர், அன்வரின் மனைவி மும்தாஜ், நான். படகு வரவில்லை. அது துவாக்குடியில் ஒரு கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திப் படுத்திருந்தது.

நண்பர்கள் இருவரும் கூட்டாக வாங்கிய பாய்மரப் படகு அது. காவிரியில் தண்ணீர் வந்ததும் மிதக்கவிடுவார்களாம். வைகாசிக் காவிரியில் மணல் மட்டுமே இருந்தது. ஆயினும் படகுக்குக் காற்றின் வேகம் அளக்கும் காற்றுமானி தேர்ந்தெடுக்கும் வரை தமக்கு வேறெந்த வேலையும் கூடாது என்று என் கணவர் அறிவித்தார்.

அந்த வேறு வேலை எதுவென்று நான் அறிவேன். கோடைதோறும் மாடியில் நான் வடகம் பிழிவேன். அவர் உட்கார்ந்து காக்கை விரட்டுவார். அதிகாரியாக ஓய்வு பெற்றவருக்கு அது பதவியிறக்கமாகத் தோன்றிவிட்டது. அவர் தப்பினால் ஆண்டு முழுவதும் வீட்டில் வடகம் இராது. அந்நாள்களில் குழம்பைக் குறை சொல்பவரும் அவரே.

இரு கருவிகளைச் சோதனைக்கு வரவழைத்திருந்தார். ஒன்றில் சிறு கிண்ணங்கள் காற்றில் சுழலும். மற்றொன்றில் எதுவும் அசையாது. அளவைத் தானே கைபேசிக்கு அனுப்பிவிடும்.

“அசையாததுதான் நல்லது. கட்டில்ல படுத்துக்கிட்டே போன்ல பாத்துக்கலாம்,” என்றார்.

“சரிபாக்காத மானியை நம்பி நீங்க ஒருநாளாவது பாய்லர் ஓட்டியிருக்கீங்களா?” என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாழ்நாளெல்லாம் மானிகளுக்குச் சான்றளித்தவர். ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடாமல் நம்புவது அவர் அகராதியில் பாவம். இரண்டையும் ஒரே கம்பத்தில் பொருத்தி, ஒருவர் அருகிலிருந்து கண்ணால் பார்த்துக் குறிக்க வேண்டும் என்று அவரே விதித்தார். மறைப்பற்ற உயரமான இடம் வேண்டும் என்றார். மொட்டைமாடியின் நட்டநடு என்று இடத்தையும் அவரே குறித்தார். நான் வடகம் பிழியும் இடமும் அதுவே.

“வெயில் ஏறுனதுலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் பாக்கணும் வேணு. நடுவுல எந்திரிச்சா கணக்கு கெட்டுடும்,” என்றார் அன்வர்.

“ஒரு வாரமாவது ஆகும்,” என்று பெருமிதத்தோடு முடித்தார் என் கணவர்.

மும்தாஜ் என்னைப் பார்த்தாள்.

“அக்கா, எங்க வீட்டு வடக மாவையும் இங்கயே கொண்டாந்துடவா? எங்க மாடியில வேப்பமர நெழலு, காயவே மாட்டேங்குது.”

“தாராளமா கொண்டா. அதான் நாள் முழுக்க ஆள் இருக்கே.”

அன்வர் சிரிக்கத் தொடங்கினார்.

“நீங்க என்ன சிரிக்கிறீங்க? ரெண்டு மானிக்கு ரெண்டு பேர் வேணும்ல,” என்றாள் மும்தாஜ். அன்வரின் சிரிப்பு பாதியில் நின்றது.

என் கணவர் எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்து மாடிப்படியை நோக்கி நடந்தார்.