சாகாத புனிதர் ஒருவர் வேண்டும்

"எதுல வச்சு வறுத்தாங்கப்பா?" என்று கேட்டாள் ஈமர்.

ஃபாக்ட்னா வெந்த உருளைக்கிழங்கின் தோலை உரித்தபடியே புனிதர் வரலாற்றுப் புத்தகத்தைப் பார்த்தார். "இரும்புக் கம்பி மேல. கீழ நெருப்பு."

"உயிரோடயா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

ஈமர் தட்டிலிருந்த பன்றி இறைச்சியை ஓரமாகத் தள்ளினாள். "புனித லாரன்ஸ் வேணாம்."

அவள் வேண்டாமென்று சொன்ன பதினான்காவது புனிதர் அவர். வசந்தத்தில் கத்தோலிக்க ஆயர் வந்து உறுதிபூசுதல் என்ற சடங்கை நடத்தும்போது, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஆளுக்கொரு புனிதரின் பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் கதையும் சொல்லத் தெரிய வேண்டும்.

இதெல்லாம் அவர் மனைவி ஈட்டா பார்த்துக்கொள்ளும் வேலை. ஆகஸ்டில் அவளை அடக்கம் செய்ததோடு அந்த வீட்டில் பேச்சும் போய்விட்டது. பால் லாரி ஓட்டும் ஃபாக்ட்னா பண்ணை மாடுகளிடம் பேசிய அளவுகூட மகளிடம் பேசவில்லை. "சாப்பிட்டியா", "கதவச் சாத்து" என்பதோடு சரி. வாயைத் திறந்தால் அழுகைதான் முதலில் வரும் என்று மனிதருக்குப் பயம். அக்டோபரில் மகளே வந்து, "ஒரு புனிதர் கதை சொல்லுங்கப்பா, பேரு எடுக்கணும்" என்றபோது, இதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று புத்தகத்தைத் திறந்தார். திறந்த பக்கமெல்லாம் வேதசாட்சிகள், பக்கமெல்லாம் கொலை.

லாரன்ஸுக்குப் பிறகு அவர் கதைகளைத் திருத்த ஆரம்பித்தார். புனித லூசியாவின் கண்ணைப் பிடுங்கினார்கள் என்றிருந்ததை, "கண்ணாடியத் தொலச்சுட்டாங்க" என்றார்.

"அதுக்கா கோயில் கட்டுனாங்க?"

மறுநாள் டிம்ப்னா. "அவளுடைய தந்தையே வாளை உருவி, அவள் தலையை..." என்று வாசித்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"தலையை?"

"முடிய வெட்டிவிட்டாரு."

ஈமர் தன் பின்னங்கழுத்தைத் தடவினாள். போன மாதம் அவளுக்கு முடி வெட்டியது ஃபாக்ட்னாதான். "உங்கள மாதிரியேவா? அப்ப அவங்க வேதசாட்சிதான்."

இனி கத்தியும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம் என்று தேடிப்பிடித்து, படுக்கையில் இறந்த ஒரு கன்னியாஸ்திரீயைக் கொண்டுவந்தார். "ஒரு வம்புமில்ல கண்ணு. சும்மா இருமல். அதுலயே போயிட்டாங்க."

ஈமரின் கரண்டி நின்றது. "அம்மாவுக்கும் மொதல்ல இருமல்தானே."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. ஃபாக்ட்னா எழுந்து வெளியே போய், காலையில் கழுவிய லாரியை மழையிலேயே மறுபடியும் கழுவினார்.

அடுத்த நாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "இந்தம்மா சாகவே மாட்டாங்க" என்றார்.

"சரி, என்ன பண்ணாங்க?"

அவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார். "ரொட்டியக் கருக விடுவாங்க. கருகுனத அடியில வச்சு, நல்லத மேல வச்சு, சாமியாருக்குக் குடுத்தனுப்புவாங்க."

"அப்புறம்?"

"பக்கத்து வீட்டு ஆடு வேலி தாண்டுனா, ஆட்டத் திட்ட மாட்டாங்க. வீட்டுக்காரனோட பாட்டன் வரைக்கும் திட்டுவாங்க."

ஈமர் சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ஆறு மாதமாகியிருந்தது. அந்தப் புனிதர் பூசையில் பாட்டைத் தப்பாக, ஆனால் எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடுவார். ஈட்டாவைப் போலவே துடைப்பத்தோடு அடுக்களையில் ஆடுவார். தேநீர் ஆறிப்போனது. தன் கண் நனைந்ததை ஃபாக்ட்னா கவனித்தார், ஆனாலும் நிறுத்தவில்லை. ஒரு வாரம் முழுக்க அந்தப் புனிதர்தான்.

பெயர்ப் பட்டியல் ஆயருக்குப் போகும் நாள் வந்தது. அப்படியொரு புனிதர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆயர் கேட்டால் பிள்ளை எல்லார் முன்னாலும் தலைகுனிந்து நிற்கும். ஃபாக்ட்னா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய் நின்றார்.

"தப்பு என் மேலதான் டீச்சர். நாலு மாசமா ஒரு பேரு புடிக்க முடியல. கடைசியில நானே ஒரு புனிதரக் கட்டிவிட்டுட்டேன். புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. இன்னும் ஒரு வாரம் குடுங்க."

டூஹி டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"புனித ஈட்டான்னு, அவ அம்மா பேருல இருக்குற புனிதரையே செப்டம்பர்ல எழுதிக் குடுத்துட்டாளே. 'அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டீச்சர், பேரு கெடைச்சிருச்சுன்னு தெரிஞ்சா எங்கூட பேசவே மாட்டாரு'ன்னா."