மீசை ஜனாதிபதியும் இருபத்திரண்டு மார்க்கும்

அரைகுறையாகப் படித்த புத்தகத்தை நம்பி ஊரைத் திருத்தப் புறப்பட்டவர்களில் நானும் ஒருவன். மற்றவர்கள் ஆட்சிகளைக் கவிழ்த்தார்கள். நான் கவிழ்த்தது லண்டன் டூட்டிங்கில் ஒரு தாச்சிச் சட்டி நிறைய மட்டன் ரோல்ஸ்.

2009இல் எனக்கு இருபத்தாறு வயது. டென்மார்க்கிலிருந்து அம்மாவோடு லண்டனுக்கு வந்து, பகலில் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட், மாலையில் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க வரலாறு. (ஏன் அமெரிக்க வரலாறு என்று கேட்காதீர்கள். அம்மா இன்றும் கேட்கிறார்.) நான் ஆராய்ந்துகொண்டிருந்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஆண்ட ஒரு ஜனாதிபதியை. பெயர் சொல்லிப் பிரயோசனமில்லை, அமெரிக்கர்களிலேயே பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. கன்னம் முழுக்க மீசை வைத்திருந்தார். அதுவரை அங்கே அரசாங்க வேலை என்பது கட்சிக்காரர்களுக்கும் வேண்டியவர்களுக்கும்தான். வேலை கிடைக்காத ஒருவன் முந்தைய ஜனாதிபதியைச் சுட்டே விட்டான். அடுத்து வந்த மீசைக்காரர், தானே சிபாரிசில் வளர்ந்தவராக இருந்தும், இனிப் பல வேலைகளுக்குச் சோதினையில் தேறவேண்டும் என்ற சட்டத்தில் கையெழுத்து வைத்தார். படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் செயலாளராக என்னைத் தெரிவு செய்தார்கள். (வேறு யாரும் கை உயர்த்தவில்லை.) ஆண்டு விழாவில் மைக் பிடிப்பது தலைவரின் மச்சான், படம் எடுப்பது மச்சானின் தம்பி, ரோல்ஸ் பொரிப்பது தலைவரின் ஒன்றுவிட்ட அண்ணன் நாகேசு அங்கிள். சிபாரிசு ஆட்சி! நான் கொதித்தெழுந்து, எல்லா வேலைக்கும் எழுத்துச் சோதினை என்று அறிவித்தேன்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். நாகேசு அங்கிளின் மகள் சுகந்தி அதே பள்ளியில் பாலர் வகுப்பு எடுப்பவள். நானும் அவளும் இரண்டு வருடமாகப் பேசிப் பழகி, கல்யாணம் என்று முடிவெடுத்திருந்தோம். "விழா முடிய அப்பா உங்கட அம்மாவோட கதைக்கிறாராம்" என்று அவள் அப்போதுதான் சொல்லியிருந்தாள். புத்தியுள்ளவன் அதோடு வாயை மூடியிருப்பான். நானோ நீதிமான்.

பஸ் ஓட்டிவிட்டுச் சீருடையோடு வந்த அங்கிள், சின்னக் கதிரையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து சோதினை எழுதினார். 'எண்ணெய் எத்தனை பாகையில் இருக்கவேண்டும்?' என்ற கேள்விக்கு அவர் எழுதிய பதில்: 'பாத்தாத் தெரியும்.' பூச்சியம் போட்டேன். 'ரோல்ஸின் வரலாற்றைச் சுருக்கமாகத் தருக' என்பதற்கு, 'தெரியாது. வெளிய வைச்சா அரை மணித்தியாலத்தில முடிஞ்சிடும்.' அதற்கும் பூச்சியம். மொத்தம் இருபத்திரண்டு மார்க். தொண்ணூற்றொரு மார்க் எடுத்தவர் ரவீந்திரன் என்ற கணக்காளர். முடிவுகளை அறிவிப்புப் பலகையில் பெயரோடு ஒட்டினேன். சுகந்தி அதைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தாள். அந்தப் பார்வை எத்தனை பாகை என்று எனக்குக் கேட்காமலே தெரிந்தது.

விழா நாள். ரவீந்திரன் வெப்பமானியோடு குசினிக்குள் இறங்கினார். மணிக்கு இத்தனை ரோல்ஸ் என்று கணக்குப் போட்டு, ஐம்பதை ஒரேயடியாகத் தாச்சிக்குள் தள்ளினார். எண்ணெய் ஆறிப்போய், ரோல்ஸ் எல்லாம் எண்ணெயைக் குடித்து, வயிறு வெடித்து, உருளைக்கிழங்கும் இறைச்சியும் தனித்தனியாக நீந்தின. வெளியே முந்நூறு பேர் பசியோடு. அவர் திரும்பத் திரும்ப வெப்பமானியைத் துடைத்துப் பார்த்தார், பாவம்.

சுகந்தி வந்தாள். கையில், தட்டச்சு செய்யச் சொல்லி நான் கொடுத்திருந்த என் ஆய்வுக் குறிப்புகள், அவற்றோடு அந்தச் சட்டத்தின் நகல்.

"இந்தச் சட்டத்திலயே இருக்குது. சோதினை செய்முறையா இருக்கவேணும், பாக்கப்போற வேலையோட சம்பந்தப்பட்டிருக்கவேணும் எண்டு. இதை நீங்கள் வாசிக்கேல்லையோ?"

"அந்தப் பக்கத்தில நித்திரையாப் போனன்" என்றேன். உண்மை அதுதான்.

"போய் அப்பாட்டக் கேளுங்கோ."

அங்கிள் முன் வரிசையில் கோட் சூட்டோடு கால்மேல் கால் போட்டு இருந்தார். பதினொரு வருடத்தில் முதல் தடவையாகப் பிள்ளைகளின் நடனம் பார்க்கிறாராம்.

"அங்கிள், ஒருக்காக் குசினிக்கு வருவீங்களோ?"

"இருபத்திரண்டு மார்க் எடுத்தவன் வரலாமோ தம்பி?" சுற்றியிருந்தவர்கள் நடனத்தை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். "பலகையில ஒட்டினனீர். இப்ப மைக்கில சொல்லும்."

மைக்கைத் தலைவரின் மச்சானிடமே கெஞ்சி வாங்கவேண்டியிருந்தது. (அவரும் சோதினையில் பெயில். ஆனால் மைக்கை விடவில்லை.) "சோதினை பிழை. சோதினை வைத்தவர் பெயில்" என்று அறிவித்தேன். அவ்வளவு கைதட்டல் அன்று எந்த நடனத்துக்கும் கிடைக்கவில்லை.

அங்கிள் கோட்டைக் கழற்றி என் கையில் தந்தார். எண்ணெயை மாற்றி, அடுப்பைக் கூட்டி, ஒரு சிட்டிகை ரஸ்க் தூளைப் போட்டுப் பார்த்தார். அது பொரிந்து மேலே வந்தது. "இப்ப சரி." என்னை முட்டையில் தோய்த்து ரஸ்க் தூளில் பிரட்டும் வேலைக்கு விட்டார். நான் பிரட்டியவற்றில் பாதி காலில் போடும் சப்பாத்து மாதிரி இருந்தன. அவர் ஒவ்வொன்றாகத் திருத்தினாரே தவிர, ஒரு சொல் ஏசவில்லை. அதுதான் எனக்கு ஆகலும் வெட்கமாக இருந்தது.

கடைசி ரோல்ஸ் வெளியே போனதும் கேட்டேன், "அங்கிள், அம்மாவோட கதைக்கிறனெண்டு..."

"இது உமக்குச் செய்முறைச் சோதினை. மார்க் பிறகு சொல்லுறன்."

ஒரு வாரம் ஒரு சத்தமும் இல்லை. எட்டாம் நாள் வீட்டுக்கு ஒரு கடித உறை வந்தது. உள்ளே கொப்பித் தாளில், அவருடைய கையெழுத்தில்: 'ரோல்ஸ் பிரட்டல் – 22. எங்கட வீட்டில பாஸ் மார்க்கும் 22. ஞாயிறு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாரும்.'

அந்தத் தாள் இன்றும் எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. நான் எதைப் பற்றியாவது நீட்டி முழக்க ஆரம்பித்தால், என் மகள் போய் அதைக் கழற்றி என் முன்னால் வைப்பாள். மாமாவாகிவிட்ட அங்கிளின் வீட்டில் ரோல்ஸ் செய்யும்போது எனக்கு இன்னமும் பிரட்டும் வேலைதான். எண்ணெய்ப் பக்கம் போகக் கேட்டால், "தம்பி, அதுக்கு வேற சோதினை" என்கிறார்.