ஓடிப்போகாத குடித்தனக்காரன்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். இரண்டாவதைப் பண்ணிப் பார்த்துப் பன்னிரண்டு வருஷமாகிறது. அதற்கே உயிரோடு இருக்கிறோமே என்ற தைரியத்தில்தான் முதலாவதில் இறங்கினேன். கட்டுவதற்குத் தெம்பில்லை. கட்டிய வீடாக ஒன்றை வாங்கி, வாடகைக்கு விட்டு, மாதம் பிறந்ததும் ஒருவன் வாசலில் போய் நின்று, "என்னப்பா, இன்னும் வாடகை வரலையே" என்று கேட்க வேண்டும். என் லட்சியம் அவ்வளவுதான். அந்தக் கேள்வியை இதுவரை நான்கு வீட்டுக்காரர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் ஒருவரிடமாவது கேட்டுவிட்டுச் சாக வேண்டாமா?

என் பெயர் வேதாச்சலம். சித்தூரில் பத்திரம் பதிகிற ஆபீஸில் குமாஸ்தா. ஊரார் வீட்டுக்கெல்லாம் நான்கு எல்லை எழுதிய கை இது. சொந்தமாக ஆணி அடிக்க ஒரு சுவர் கிடையாது.

பணம் என் மனைவி கன்னியம்மாளுடையது. அவள் நைனா பிச்சாட்டூரில் கல்யாணத்தின்போது மஞ்சக்காணியாகக் கொடுத்த நிலத்தை விற்றதில் மூவாயிரம் ரூபாய் வந்திருந்தது. பணம் டிரங்குப் பெட்டியில், பெட்டிச் சாவி அவள் இடுப்பில். பிறந்த வீட்டிலிருந்து அவளுக்கென்று வந்தது அது ஒன்றுதான். போனால் போனதுதான்.

"எடத்த நீங்க பாருங்க. எனக்கும் புடிச்சிருந்தா பொட்டியத் தொறக்கறேன்" என்றாள்.

நான் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். அப்போது ஊரெல்லாம் எல்லைப் பேச்சு. திருத்தணி மதராஸுக்கா, சத்தியவேடு ஆந்திராவுக்கா என்று டீக்கடைக்கு டீக்கடை ராஜ்யத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எந்த ஊர் எந்தப் பக்கம் போகும், எந்தப் பேட்டையில் வாடகை ஏறும் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். முதல் ஞாயிற்றுக்கிழமை சித்தூரிலேயே கிரீம்ஸ்பேட்டையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

"ஆபீசருங்க இருக்கிற எடம், கன்னியம்மா. வாடகை டாண்ணு வரும்."

"அந்த ஆபீசருங்க எந்த ஊரு?"

"பாதிப் பேரு மெட்ராஸ் பக்கம்."

"எல்ல பிரிஞ்சா மூட்ட கட்டிக்கினு ஓடிருவாங்களே. பாக்கிய வாங்க நீங்க பின்னாலயே ரயிலேறுவீங்களா?"

நோட்டில் கிரீம்ஸ்பேட்டையை அடித்தேன். அடுத்த மாதம் திருத்தணி.

"நாளைக்கி அது மெட்ராசுக்குப் போயிட்டா, வாடகைக்கு வேற ராஜ்யத்துக்கு இல்ல போவணும்? போற பஸ் சார்ஜு யாரு குடுக்கறது?"

திருத்தணியையும் அடித்தேன். திருப்பதியில் கோயில் பக்கம் ஒரு வீடு வந்தது. யாத்திரைக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம்.

"வர்றப்ப தல நெறய முடியோட வருவான். போறப்ப மொட்ட. ஊரே மொட்ட. வாடகை குடுக்காம ஓடறவன எந்த மொட்டையின்னு தேடுவீங்க?"

பெருமாள் ஊரில் நமக்கே நாமம் விழும் என்று அதையும் அடித்தேன். அவளுக்கு இருந்த கேள்வி ஒன்றே ஒன்று. குடித்தனக்காரன் ஓடிட்டா? ஓடாத மனுஷனுக்கு நான் எங்கே போவேன்? கால் இருக்கிறவன் எவனும் ஓடத்தான் செய்வான்.

இப்படியே எட்டு மாதம். ஞாயிற்றுக்கிழமையானால் நான் வீடு பார்க்கப் போவேன். சனிக்கிழமையானால் அவள் புத்தூரில் இருக்கும் அக்கா சுந்தரம்மாவைப் பார்க்கப் போவாள். அக்காவுக்கு முழங்கால் வலியாம்.

கடைசியில் திருப்பதி கொர்லகுண்டாவில் ஒரு வீடு அமைந்தது. யுனிவர்சிட்டி புதிதாக வந்திருந்த சமயம். வாத்தியார்கள் ஓட மாட்டார்கள். தரகர் நாகையா அட்வான்ஸ் கேட்டார். நான் கன்னியம்மாளைக் கேட்டேன்.

"கெணத்துல கோடையில தண்ணி நிக்குமா?"

போய்ப் பார்த்து வந்தேன். நிற்கும்.

"கரையான் கீதா?"

போய்ப் பார்த்து வந்தேன். இல்லை.

"மாடிய பாத்தீங்களா? ஒழுவுற மாடியா இருந்தா?"

மறுபடியும் போனேன். நாகையா ஒரு மூங்கில் ஏணியைச் சுவரில் சாத்தினார். "எக்கண்டி சார், பயப்படாம ஏறுங்க. மேல போனா யுனிவர்சிட்டியே தெரியும்" என்றார். நான் ஏழு படி ஏறினேன். எட்டாவது படி ஏணியில் இல்லை. யுனிவர்சிட்டி தெரியவில்லை. நட்சத்திரம் தெரிந்தது, பட்டப்பகலில்.

இடது கால், முழங்காலுக்குக் கீழே இரண்டாக ஒடிந்திருந்தது.

தகவல் தெரிந்து கன்னியம்மாள் ஓடி வந்தாள். என் காலைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "நான்தானே ஏறச் சொன்னேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வலியிலும் எனக்கு அது கொஞ்சம் இதமாக இருந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புத்தூருக்குத் தூக்குங்க" என்றாள்.

ஒடிந்த எலும்புக்குப் போடுகிற புத்தூர் கட்டைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஸ்டேஷனில் ரயில் நின்றால் பாதிப் பேர் இறங்குவதில்லை, இறக்கப்படுகிறார்கள். வைத்தியர் காலை இழுத்தார். நான் இரண்டு பாஷையிலும் கத்தினேன். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பட்டை, துணி எல்லாம் வைத்துக் கட்டி, "நாப்பத்தஞ்சு நாள் இங்கயே இருக்கணும். வாரத்துக்கு ஒரு கட்டு" என்றார்.

சுந்தரம்மா வீட்டில் ஏழு பிள்ளைகள், ஒரே அறை. வைத்தியர் வீட்டுக்குப் பக்கத்திலேயே வரிசையாக நான்கு அறைகள் கொண்ட ஓட்டு வீடு ஒன்று இருந்தது. "அக்காவுக்குத் தெரிஞ்சவங்க வீடு" என்று கன்னியம்மாள் ஓர் அறையைத் திறந்து என்னைக் கிடத்தினாள். சாப்பாடு அக்கா வீட்டிலிருந்து வர ஏற்பாடு செய்துவிட்டு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று சித்தூர் திரும்பினாள்.

படுத்தபடியே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே நாளில் பதினோரு பேரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாட்டு வண்டியில் ஒருவன், கட்டிலோடு ஒருவன். மூன்றாம் நாள் எனக்கு ஞானம் பிறந்தது. நோட்டை எடுத்து எழுதினேன். கால் ஒடிந்தவன் ஓட மாட்டான். கட்டு அவிழ்க்கும் வரை ஊரைவிட்டு நகர மாட்டான். எல்லைக் கோடு இப்படிப் போனாலும் அப்படிப் போனாலும் தமிழனும் விழுவான், தெலுங்கனும் விழுவான்.

எட்டு மாதம் தேடிய இடத்தில் நான் படுத்திருந்தேன்.

அடுத்த அறை துலுக்காணம் அரக்கோணத்துக்காரர். கை ஒடிந்தவர். ஊருக்குப் போய்விட்டு அன்றைக்குத்தான் திரும்பியிருந்தார். "இந்த வீட்டுக்காரர் யாருங்க? மகா மூளைக்காரர்" என்றேன்.

"வீட்டுக்காரரு இல்ல சார், ஓனரம்மா. சனிக்கெழம ஆனா வாடகைக்கு வந்துடுவாங்க. தங்கமானவங்க, ஆனா கண்டிப்பு. கட்டு அவுத்த அன்னிக்கே ரூம காலி பண்ணிடணும்."

"விக்கிறாங்களான்னு கேளுங்க. மூவாயிரம் ரொக்கமா தர்றேன்."

சனிக்கிழமை கன்னியம்மாள் கையில் தூக்குடன் உள்ளே வந்தாள். வாசலில் உட்கார்ந்திருந்த துலுக்காணம் எழுந்து நின்றார்.

"வாங்கம்மா. இந்த சாரு உங்க வீட்ட வெலைக்குக் கேக்கறாரு."

"எவ்ளோ தர்றாராம்?"

"மூவாயிரமாம்."

"இவருகிட்ட ஏது மூவாயிரம்?" என்றாள் கன்னியம்மாள்.

துலுக்காணம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கட்டுப் போட்ட கையோடு மெல்ல நழுவினார். என்னால் நழுவவும் முடியாது.

"எப்ப வாங்கின?"

"நீங்க கிரீம்ஸ்பேட்ட பாக்கப் போன அன்னிக்கி அட்வான்சு. அந்த வாரமே பத்திரம். புத்தூர்லயே பதிஞ்சாச்சு. உங்க ஆபீசுல பதிஞ்சா நீங்கதானே நகல் எழுதுவீங்க?"

"அப்ப பொட்டியில?"

"பழைய புடவை."

"எட்டு மாசமா நான் தெருத்தெருவா அலைஞ்சது?"

"ஞாயித்துக்கெழம வீட்ல கீறப்ப நாலு வாட்டி காபி கேப்பீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கால் வலி என்று சொல்லிச் சமாளிக்கலாம். கால் அன்றைக்கு வலிக்கவே இல்லை. ஊரில் உள்ள பத்திரமெல்லாம் என் கண்ணில் பட்டது, என் பெண்டாட்டி பத்திரம் ஒன்றைத் தவிர. கன்னியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து தூக்கைத் திறந்தாள்.

"அக்காவப் பாக்க வர்றப்பல்லாம் பாப்பேன். கால் ஒடிஞ்சவங்க மரத்தடியில படுத்துக்கினு இருப்பாங்க, தங்க ஒரு எடம் இருக்காது. அந்தப் பணம் எங்க நைனா சிந்துன வேர்வ. உங்க நோட்ட நம்பி விட மனசு வர்ல. சொன்னா நீங்க சண்ட போடுவீங்க. துன்னுங்க."

தின்றேன். என்ன செய்வது? அவள் சோற்றைப் பிசைந்து ஊட்டினாள், எலும்புக்கு நல்லது என்று நண்டுச் சாறு வேறு. கொஞ்சம் தைரியம் வந்தது. எப்படியிருந்தாலும் என் மனைவியின் வீடு என் வீடு. கட்டு அவிழ்த்த பிறகும் பத்து நாள் இங்கேயே தங்கி, சம்பாதித்துக் கொடுக்கும் இந்த நான்கு அறைகளையும் மேற்பார்வை பார்க்கலாம். சனிக்கிழமையானால் துலுக்காணத்திடம் அந்தக் கேள்வியைக் கேட்கலாம். அதைச் சொன்னேன்.

"அதெல்லாம் வேணாம். கட்டு அவுத்த அன்னிக்கே காலி பண்ணிடுங்க. இந்த ரூமுக்கு வேலூர்லருந்து ஒருத்தரு சொல்லி வெச்சிக்கீறாரு."

"புருஷனைவிட அவன் ஒசத்தியா?"

கன்னியம்மாள் கடைசி உருண்டையை என் வாயில் வைத்தாள்.

"அவருக்கு ரெண்டு காலும் ஒடிஞ்சிக்கீது."