சில்பியம் தின்ற செம்மறி

ஐக்லனோரின் வீட்டு முற்றத்தில் செம்மறி ஒன்று நாலு காலையும் நீட்டிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"மெகோ! அடியே மெகோ! காலங்கார்த்தால இது ஏன் தூங்குது?"

"தூக்கம் வந்தா தூங்குது. நீங்க தூங்கறப்ப நான் கேக்கறேனா?" என்றாள் மனைவி, அடுக்களையிலிருந்து.

சமையலுக்கும் மருந்துக்கும் ஆகும் சில்பியச் செடியைத் தின்றால் வெள்ளாடு தும்மும், செம்மறி தூங்கும். லிபியக் கரையோரச் சிரேனே நகரத்தில் பல் முளைக்காத குழந்தைக்கும் இது தெரியும். ஐக்லனோர் மூலையிலிருந்த மண்தொட்டியை எட்டிப் பார்த்தான். வேர் இருந்தது. தண்டையும் இலையையும் காணோம்.

அவன் நகரத்துச் சில்பியக் கிடங்கின் காவலன். முப்பது வருடமாக அந்தச் செடி ஊரின் பழைய நாணயங்களில் மட்டும்தான் முளைத்துக்கொண்டிருந்தது. பெருங்காயம் வைத்த பாண்டம் மாதிரி ஊர் பழைய வாசனையில் பிழைத்தது. அவன் காலிக் கிடங்கைப் பூட்டித் திறந்து பிழைத்தான்.

முந்தாநாள்தான் அந்த அதிசயம் நடந்தது. லிபிய மேய்ப்பன் இத்தல், வழக்கம்போலச் சந்தை கலைந்த பிறகு நகர வாசலுக்கு வந்தான்.

"ஏன்டா தினமும் லேட்டு?"

"ஆடுங்க எழுந்திரிக்கல சாமி."

எப்போதும் இதே சாக்குதான். வாசலே சிரித்தது. "சோம்பேறிக்கு வாய்ச்ச ஆடும் சோம்பேறி!" என்றான் ஐக்லனோர். அப்புறம்தான் இத்தல் கழுதையை விரட்டிக்கொண்டிருந்த கோலைப் பார்த்தார்கள். வேரும் இலையுமாகச் சில்பியம்! அதைப் பிடுங்கிக்கொண்டு, பதிலுக்கு ஓர் ஒலிவக் கம்பைக் கொடுத்து அவனைத் துரத்திவிட்டார்கள். உலகத்தின் கடைசிச் செடி, ரோமில் இருக்கும் சக்கரவர்த்திக்குக் காணிக்கை என்று முடிவானது. கிடங்கில் எலித் தொல்லை என்று அதைப் புத்திசாலித்தனமாக வீட்டுக்குக் கொண்டுவந்தவன் ஐக்லனோர்தான். இன்று நடுப்பகலில் ரோமானிய அதிகாரி வருகிறார்.

"என் தலை போச்சு மெகோ."

"இருங்க. வேலியோரம் காட்டுப் பெருஞ்சீரகம் நிக்குதே, அதுவும் இதே சாடைதான்."

ஒரு தண்டை வெட்டிப் பழைய வேரில் செருகினான். பார்வைக்குக் குறையில்லை, வாசனைதான் இல்லை. மெகோ குழம்புக்கு வைத்திருந்த, ஏறக்குறைய அதே வாசனையுள்ள பாரசீகப் பெருங்காயத்தைக் கரைத்துத் தடவினாள். கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது.

வாசனை தெருக்கோடி வரை போய் ஊரை அழைத்துவந்தது. பக்கத்து வீட்டுத் திமோ கிண்ணத்தோடு முதல் ஆளாக நின்றாள்.

"ஒரே ஒரு சொட்டு செடிப்பால் கொடுடி மெகோ. மருமகளுக்கு இருமல்."

"ஆளுக்கு ஒரு சொட்டுன்னா ராஜாவுக்கு வெறுங்குச்சியா அனுப்பறது? போங்கக்கா!"

யாரும் போகவில்லை. அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அதிகாரி வந்தார். கிண்ணங்களைப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"யாராவது மாத்தி வச்சிருந்தா? சோதிக்கணும். ஒரு செம்மறியைக் கொண்டாங்க."

மெகோ முந்திக்கொண்டாள்.

"சோதிச்சாச்சு ஐயா. ஒரு இலை கிள்ளிப் போட்டேன். அதோ பாருங்க."

அதிகாரி செம்மறியின் காதில் கத்தினார். வாலைப் பிடித்து இழுத்தார். அது குறட்டையின் சுருதியை மட்டும் மாற்றிக்கொண்டது. அவர் மனம் குளிர்ந்து, தண்டைப் பெட்டியில் வைத்து அரக்கு முத்திரை குத்தினார். ஐக்லனோருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இவ்வளவு பத்திரமா காப்பாத்தினது நீங்க. நீங்களே வந்து உங்க கையால கொடுங்க. சக்கரவர்த்தி உங்க எதிர்லயே சமைக்கச் சொல்லிச் சாப்பிடுவாரு. அவருக்கு நாக்கு ரொம்ப நுட்பம். போன மாசம் மீன்ல உப்புக் குறைஞ்சுது..."

"சமையக்காரனை என்ன பண்ணினாரு?"

"அப்புறம் அவனை யாரும் பாக்கல."

மெகோவுக்குக் குறும்பெல்லாம் போய் அழுகை வந்தது. பதினெட்டு வருடமாகத் திட்டித் திட்டிக் குடித்தனம் செய்த மனிதன். அவன் இல்லாத வீட்டை அவளால் நினைக்கவே முடியவில்லை.

"உண்மையைச் சொல்லிடுங்க" என்று காதோடு சொன்னாள்.

"சொன்னா இங்கயே தலை போகும்டி. ரோமுக்குப் போய்ச் சேரவாவது இருபது நாள் ஆகும்."

பெட்டி வண்டியில் ஏறியது. அதன் பக்கத்தில் ஐக்லனோரும் ஏறி உட்கார்ந்தான். துறைமுகத்தை நோக்கி வண்டி நகர்ந்தபோதுதான் இத்தல், எல்லாம் முடிந்த பிறகு வழக்கம்போல, கழுதையோடு வந்து சேர்ந்தான்.

"சாமி, நீங்க கொடுத்த கம்பு கை கடுக்குது. என் பழைய கோலையே..." என்று ஆரம்பித்தவன், முற்றத்தில் கிடந்த செம்மறியைப் பார்த்துவிட்டு வண்டியின் பின்னாலேயே ஓடிவந்தான்.

"அட, உங்க ஆடும் அந்த இலையைத் தின்னுடுச்சா சாமி? எங்க மலைச்சரிவு பூரா அதுதான் முளைச்சுக் கிடக்கு, அப்புறம் என் ஆடு முந்நூறும் எப்படி நேரத்துக்கு எழுந்திரிக்கும்?"